இடது காதில் ஒரு கிளிப்

தெருவில் அவளை வாத்து என்பார்கள். முதலில் பிள்ளைகள்தான் ஆரம்பித்தார்கள். விடியற்காலையில் அவள் பயிற்சிக்குக் கிளம்பினால் நாலைந்து பொடிசுகள் இடுப்பை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வரும். பிறகு பெரியவர்களும் சொன்னார்கள். அவள் வேலை பார்த்த குடிநீர் வாரிய அலுவலகத்திலும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. கடைசியில் கட்டிய புருஷனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். அவள் அதற்காக யாரிடமும் முகம் சுளித்ததில்லை. நடைப்போட்டிக்காரி என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்பாள்.

நடைப்போட்டியைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஓடக் கூடாது, ஆனால் சாதாரண ஆள் ஓடினாலும் பிடிக்க முடியாத வேகத்தில் போக வேண்டும். எந்த நேரமும் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற கால் முட்டி மடங்காமல் தரையைத் தொட வேண்டும். வழி நெடுக நடுவர்கள் நின்று இந்த இரண்டையும் கழுகு மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்று சிவப்பு அட்டை விழுந்தால் வெளியே. மூச்சு மட்டும் இருந்தால் போதாது, வித்தையும் வேண்டும். இந்த இரண்டையும் காப்பாற்றிக்கொண்டு வேகம் எடுத்தால் இடுப்பு தானாக ஆடும். அதைப் பார்த்துத்தான் ஊர் சிரிக்கும்.

அவள் புருஷனை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஒரு காலத்தில் அவரும் நடந்தவர்தான். அவருடைய பெரிய போட்டியில், முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், மூன்றாவது சிவப்பு அட்டை விழுந்தது. அதோடு ஷூவைக் கழற்றி வைத்தவர் பிறகு போடவே இல்லை. சில வருஷம் கழித்து, தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்க அவர் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். மாடியிலிருந்து பார்த்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியைப் பார்த்தார். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்வார். "மீட்டர் பாக்க வந்தவ. நான் அவ மீட்டரைப் பாத்துட்டேன்." கல்யாணத்தில் இதைச் சொன்னபோது அவளும் சிரித்தாள்.

மாஸ்டர் கத்த மாட்டார், கை நீட்டவும் மாட்டார். கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்கும். அவள் ஒரு சுற்று முடித்து வந்து நின்றதும் அதைப் பார்ப்பார், பிறகு அவளைப் பார்ப்பார். "சரி, பரவாயில்ல" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் அன்றைக்கு முழுவதும் சாப்பிட மாட்டாள்.

அவளுக்கு முப்பது தாண்டியபோது நேரங்கள் தேங்கிப்போயின. எவ்வளவு நடந்தாலும் கடிகாரம் அதே இடத்தில் நின்றது. அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழக விளையாட்டு மருத்துவத் துறையிலிருந்து ஒரு டாக்டரம்மா மைதானத்துக்கு வந்தார். நடப்பவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள், வில் எய்பவர்கள் என்று கொஞ்சம் பேரை உட்கார வைத்து விளக்கினார்.

"மூளையிலேருந்து கிளம்பி இதயம், நுரையீரல், வயிறு வரைக்கும் போற ஒரு நரம்பு இருக்கு. வேகஸ்னு பேரு. அதோட ஒரு சின்னக் கிளை காதுல, தோலுக்குப் பக்கத்துலயே இருக்கு. ஊசி வேணாம், ஆபரேஷன் வேணாம். காதுல ஒரு கிளிப் மாட்டி லேசா கரன்ட் குடுத்தா, உடம்பு இன்னும் கொஞ்சம் அதிக வேலை தாங்குதான்னு பாக்கப் போறோம். புதுசா ஒரு அசைவைக் கத்துக்கும்போது சீக்கிரம் படியுதான்னும் பாக்கணும். பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். அதுக்குத்தான் ஆராய்ச்சி."

பாதிப் பேருக்கு நிஜக் கருவி, பாதிப் பேருக்குப் போலிக் கருவி, யாருக்கு எது என்று ஆராய்ச்சி முடிகிற வரை யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் பச்சை விளக்கு எரியும். மாட்டியதும் இரண்டுமே சுருக்கென்று ஒரு தடவை குத்தும். போலி அதோடு நின்றுவிடும்.

வாத்துக்கு ஒரு பெட்டி வந்தது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. அதிலிருந்து மெல்லிய ஒயர், ஒயர் நுனியில் கிளிப். மாஸ்டரே தினமும் அவள் இடது காதில் மாட்டிவிட்டார். முதல் நாள் சுருக்கென்று குத்தியதும் அவள் உடம்பு சிலிர்த்தது. "ஏறுதுங்க" என்றாள். அந்த வாரமே ஒரு சுற்றில் பழைய நேரத்தை உடைத்தாள். மாதம் போகப் போக, தேங்கிக் கிடந்ததெல்லாம் மடை திறந்த மாதிரி ஆனது. முட்டி ஆணி அடித்தது போல நேராக விழுந்தது. மூச்சு எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. நடுவர் ஒருவர் மாஸ்டரிடம், "உங்க வீட்டம்மாவைப் பாத்துதான் இனிமே பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரணும்" என்றார்.

மாஸ்டர் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "எல்லாம் இதோட வேலை. அவ சும்மா கூடப் போயிட்டு வரா."

ஆராய்ச்சி முடிந்தது. மற்றவர்கள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மாஸ்டர் கொடுக்கவில்லை. "நம்ம கேஸ் ஸ்பெஷல்னு டாக்டரம்மாவே வெச்சுக்கச் சொல்லிட்டாங்க" என்றார். அவளுக்கு உயிர் வந்தது. அதற்குப் பிறகு பெட்டி அவருடைய டிராக் பேன்ட் பாக்கெட்டில்தான் இருந்தது. அவள் கைக்கு வந்ததே இல்லை.

ஒரு முறை அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். சீசன் நேரத்தில் போகக் கூடாது என்றார் மாஸ்டர். அவள் போனாள். திரும்பி வந்த காலை, காதைக் காட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றாள். அவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "இன்னைக்கு சும்மா நட" என்றார். மறுநாளும் சும்மா நடக்கச் சொன்னார். கால் இரண்டும் வேறு யாருடையதோ போல இருந்தது அவளுக்கு. மூச்சு நெஞ்சிலேயே நின்றது. கடைசியில் அவள்தான் போய், "தப்புதாங்க, இனிமே கேக்காம போக மாட்டேன்" என்றாள். அவர் பெட்டியை எடுத்து மாட்டிவிட்டார். அன்றைக்கு அவள் பறந்தாள்.

அந்த வருஷம் தேசிய முகாமுக்கு ஒரே ஒரு பெண்ணை எடுப்பதாக அறிவித்தார்கள். முகாம் வெகு தூரத்தில் இருந்தது, இரண்டு வருஷம் அங்கேயே தங்க வேண்டும். பயிற்சியாளர்கள் அவர்களுடைய ஆட்கள். வயது குறைந்த பெண்ணாக இருந்தால் அவளுடைய சொந்தப் பயிற்சியாளரும் கூட வரலாம். கல்யாணமானவள் என்றால் அவள் மட்டும்தான். இருபது கிலோமீட்டர் தேர்வுப் போட்டி ஒன்று வைத்து, முதலில் வருகிறவளை எடுப்பார்கள். வாத்து மாஸ்டரிடம் சொல்லாமல் அலுவலகத்தில் நீண்ட விடுப்புக்குக் கேட்டுவைத்தாள். ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவளுடைய செக்ஷன் ஆபீசர் கடைத்தெருவில் மாஸ்டரைப் பார்த்து, "என்ன சார், வீட்டம்மாவைப் பிரிஞ்சு இருந்துடுவீங்களா?" என்று கேட்டுவிட்டார். மாஸ்டர் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

தேர்வு நாள் காலை, துவக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் கூடாரத்தில் உட்கார்ந்து அவள் தலைமுடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். மாஸ்டர் பாக்கெட்டில் கை விட்டார். பையைத் திறந்து பார்த்தார். துண்டை உதறினார்.

"பெட்டி வீட்டுலயே இருக்கு போல."

"என்ன சொல்றீங்க? நல்லா பாருங்க."

"பாத்துட்டேன். நேத்து சார்ஜ் போட்டேன், அப்படியே விட்டுட்டேன்."

"யாரையாவது அனுப்பி எடுத்துட்டு வரச் சொல்லலாமா?"

"இனிமே எங்க? கூப்பிடுறாங்க பாரு. உன்னால முடிஞ்ச வரைக்கும் நட."

அவள் நடந்தாள். கொஞ்ச தூரத்திலேயே இடது காது ஐஸ் வைத்த மாதிரி ஜில்லென்று ஆகிவிட்டதாகத் தோன்றியது. அதையே நினைத்துக்கொண்டு போனாள். தோள் இறுகியது. தோள் இறுகியதும் கை உயர்ந்தது, கை உயர்ந்ததும் பாதம் தரையை விட்டுக் கிளம்பியது. முதல் சிவப்பு அட்டை. அதற்குப் பயந்து வேகத்தைக் குறைத்தாள், முட்டி மடங்கியது. இரண்டாவது. மூன்றாவது அட்டையை நீட்டிய நடுவர், முன்பு அவளைப் புகழ்ந்த அதே ஆள், "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்று கேட்டார். முகாமுக்கு வேறு ஊர்க்காரி ஒருத்தி போனாள். பஸ்ஸில் திரும்பும்போது மாஸ்டர் ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுத்தார். "பரவாயில்ல" என்றார்.

அந்தக் கோடையில் மாஸ்டர் தன் அண்ணன் மகளை வீட்டுக்கு அழைத்து வந்தார். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தாள். ஒடிசலான உடம்பு, நீளக் கால். வீட்டில் எல்லோரும் அவளைச் சிட்டு என்பார்கள். வந்த மறுநாள் காலை மாஸ்டர் பாக்கெட்டிலிருந்து பெட்டியை எடுத்து, வாத்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சிட்டுவின் இடது காதில் மாட்டினார்.

"எனக்குங்க?" என்று கேட்டாள் வாத்து.

"உனக்கு வயசாயிடுச்சு. இனிமே நரம்பு கேக்காது. நீ அவகூட நட, அவளுக்கு வேகம் பிடிச்சுக் குடு."

அவள் வேகம் பிடித்துக் கொடுத்தாள். காலையில் சிட்டுவுக்கு முன்னால் நடந்தாள், பிறகு தெருத்தெருவாக மீட்டர் பார்த்தாள், சாயங்காலம் சிட்டுவின் வியர்வைத் துணிகளைத் துவைத்தாள். வெறுக்கலாம் என்றால் அந்தப் பெண் இடம் கொடுக்கவில்லை. எந்நேரமும் சித்தி, சித்தி என்று ஒட்டிக்கொண்டே திரிந்தாள். கால் பிடித்துவிடுவாள். மாஸ்டர் நடப்பதைப் போல நடந்து காட்டிச் சிரிக்க வைப்பாள். ஒரு நாள் மாஸ்டர் குளிக்கப் போன நேரத்தில் பெட்டியைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள்.

"சீக்கிரம் மாட்டிக்கோங்க சித்தி. சித்தப்பா வரதுக்குள்ள கழட்டிடலாம்."

"வேணாம்டி, அவருக்குத் தெரிஞ்சா உன்னைத்தான் திட்டுவாரு."

"திட்டினா திட்டட்டும். எனக்கு மட்டும் போட்டுக்கிட்டா திருடித் தின்ன மாதிரி இருக்கு."

வாத்து மாட்டிக்கொண்டாள். சுருக்கென்று குத்தியது. கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் வந்துவிட்டது. சிட்டு ஒன்றும் கேட்காமல் குளியலறைக் கதவையே பார்த்தபடி காவல் நின்றாள். அதற்குப் பிறகு முடிந்தபோதெல்லாம் இப்படி நடந்தது. வாத்தின் நேரமும் மெல்ல மெல்லத் திரும்பியது.

ஆனால் இந்தத் திருட்டுக் கரன்ட் எத்தனை நாளைக்கு? அடுத்த தேர்வுப் போட்டி அறிவிப்பு வந்ததும் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். மதிய வேளையில் மீட்டர் பையோடு நேராக டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள். அறை முழுக்க ஒயர்கள். ஒரு மூலையில் டிரெட்மில், ஜன்னலோரம் காய்ந்துபோன ஒரு தொட்டிச் செடி. டாக்டரம்மாவுக்கு அவளை உடனே அடையாளம் தெரிந்தது.

"வாங்க வாங்க. உங்களை மறக்க முடியுமா?"

"டாக்டர், எனக்கு இன்னொரு பெட்டி வேணும். பழசா இருந்தாலும் பரவாயில்ல. எங்க வீட்டுக்காரர் இருந்ததை அண்ணன் பொண்ணுக்குக் குடுத்துட்டாரு. எனக்குத் தர மாட்டேங்கறாரு."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. "எந்தப் பெட்டி?"

"நீங்க எங்களை வெச்சுக்கச் சொன்னீங்களே, அது."

டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அது போலிம்மா. நீங்க போலிக் குழுவுல இருந்தீங்க. ஆராய்ச்சி முடிஞ்சதும் ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிச் சொன்னோம். உங்க நம்பருக்குப் பண்ணப்போ உங்க வீட்டுக்காரர்தான் எடுத்தாரு. நான் சொல்லிடறேன்னாரு. அந்தப் பெட்டியை ஞாபகமா வெச்சுக்கட்டுமான்னு கேட்டாரு, உள்ள ஒண்ணும் இல்லையே, வெச்சுக்கோங்கன்னேன். அவர் சொல்லலையா?"

வாத்து மீட்டர் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"உண்மையைச் சொல்லப்போனா உங்களாலதான் எங்க கணக்கே குழம்பிடுச்சு" என்று டாக்டரம்மா சிரித்தார். "நிஜக் கரன்ட் வாங்கினவங்களுக்குக் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது, எல்லாருக்கும் இல்ல. போலிக் கூட்டத்துல நீங்க ஒருத்தர் மட்டும் எல்லாரையும் தாண்டிப் போயிட்டீங்க. அது முழுக்க உங்க உடம்பும்மா. வேற எதுவும் இல்ல."

அந்தச் சிரிப்பில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. ஆனாலும் வாத்துக்கு அந்த முகத்தில் மீட்டர் பையை வீச வேண்டும் போல இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அன்றைக்குப் பார்க்க வேண்டிய மீட்டர்களையெல்லாம் பார்த்து முடித்தாள். ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மாஸ்டர் டிராக் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சிட்டு கடைக்குப் போயிருந்தாள்.

"அது போலின்னு உங்களுக்குத் தெரியுமா?"

இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் நின்றது, பிறகு காலர் பக்கம் போனது. "தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ நடந்திருப்பியா? உனக்குக் கால்ல குறை இல்ல, தலையிலதான். அதுக்கு எதையாவது மாட்டி விடணும். மாட்டி விட்டேன். நடந்தல்ல?"

"அன்னைக்குப் பெட்டியை வீட்டுல விட்டுட்டு வந்தது?"

"விட்டுட்டு வரல. பைக்குள்ளதான் இருந்துச்சு."

அவர் சட்டையைத் திருப்பிப் போட்டார்.

"நீ கேம்ப்புக்குப் போனா திரும்பி வரவா போற? நான் இங்க இந்த மூணு ரூமையும் சுத்திச் சுத்தி வரணுமா? உன்னை நான் செஞ்சேன். நான் செஞ்சதை எவனோ எடுத்துட்டுப் போறதுக்கு நான் ஏன் கொடி ஆட்டணும்? சிட்டு போனா நானும் கூடப் போவேன். வயசு குறைஞ்ச பொண்ணு, கோச் கூட வரலாம்." அவர் குரலில் ஒரு சூடும் இல்லை. சட்டைக்குச் சொல்வது போலச் சொன்னார். "போய் முகம் கழுவு. பிள்ளை வந்துடும்."

அவள் முகம் கழுவினாள். அந்த நிமிஷத்தில் சிட்டுவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். சிட்டு வந்தாள், பையைத் தரையில் போட்டாள், மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"சித்தி, கடையிலேருந்து ஏரி வளைவு வரைக்கும் நடந்து பாத்தேன். அந்தத் தூரத்துக்கு உங்க பழைய பெஸ்ட் டைமைத் தாண்டிட்டேன். சித்தப்பா வாட்ச்சைத்தான் எடுத்துட்டுப் போனேன், தப்பே இல்ல. எல்லாம் இது பண்ற வேலை சித்தி." காதைத் தொட்டுக் காட்டினாள்.

வாத்து வாயைத் திறந்தாள். மூடினாள். "அப்படியா? நல்லா மாட்டிக்கோ" என்றாள். "அது இல்லாம ஒரு நாளும் நடக்காத."

அவள் மனதில் அப்போது தெளிவாக ஒரு திட்டம் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து அவள் சிட்டுவுக்கு அந்தப் பெட்டியின் மேல் பக்தி ஏறும்படியே பேசினாள். ஒரு நாள் கிளிப் போடாமல் நடந்தபோது சிட்டுவின் நடை எப்படிக் கோணியது என்று எடுத்துச் சொன்னாள். பெட்டி இல்லாமல் தனக்கு விழுந்த மூன்று அட்டைகளைப் பற்றி விவரமாகச் சொன்னாள். தோள் எப்படி இறுகும், கை எப்படி உயரும், பாதம் எப்படிக் கிளம்பும் என்று ஒன்று விடாமல் சொன்னாள். சிட்டு கண்ணை அகல வைத்துக் கேட்டாள். "பாவம் சித்தி நீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தனக்குச் சிட்டு மடியில் போடும் திருட்டுக் கிளிப்பை வாத்து இப்போது மறுத்துவிட்டாள். அது இல்லாமலேயே அவள் நேரம் குறைந்துகொண்டு வந்தது. அதை யாருக்கும் காட்டவில்லை. சிட்டுவுக்குப் பின்னாலேயே, இளைத்துப்போனவள் மாதிரி நடந்தாள்.

தேர்வு நாள் வந்தது. சிட்டுவுக்கு வேகம் பிடித்துக் கொடுக்க மாஸ்டரே வாத்தின் பெயரையும் போட்டிக்குக் கொடுத்திருந்தார். இந்த முறை போட்டிப் பாதையை ஏரியைச் சுற்றியுள்ள சாலையில் அமைத்திருந்தார்கள். கூடாரத்தில் மாஸ்டர் சிட்டுவின் பையை வைத்துவிட்டு நம்பர் துணி வாங்கப் போனார். சிட்டு கழிவறைக்குப் போனாள். வாத்து குனிந்து தன் லேஸைக் கட்டினாள், கை நீட்டினாள், பெட்டியை எடுத்துத் தன் ஷூ பையின் அடியில் போட்டுத் துண்டால் மூடினாள். எல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரம்.

சிட்டு திரும்பி வந்து தேடினாள். பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். மாஸ்டர் வந்தார். அவர் முகம் முதல் முறையாக வெளிறியதை வாத்து பார்த்தாள்.

"இங்கதான் வெச்சேன் சித்தப்பா. சத்தியமா இங்கதான்."

"விடு. அது இல்லாமலும் நடக்கலாம்" என்றார் மாஸ்டர்.

"நடக்க முடியாது சித்தப்பா. சித்திக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல."

மாஸ்டர் அவசர அவசரமாக, "ஏய், அது சும்மாடி. உள்ள ஒண்ணும் இல்ல. போலி அது" என்றார்.

சிட்டு அவரை வெறித்துப் பார்த்தாள். தன்னைத் தேற்றத்தான் சித்தப்பா ஏதோ சொல்கிறார் என்று அவள் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. பிறகு வாத்து பக்கம் திரும்பினாள். "சித்தி, நிஜமா?"

மாஸ்டரும் வாத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பார்த்ததே இல்லை.

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? உன்னால முடிஞ்ச வரைக்கும் நட" என்றாள் வாத்து.

போட்டி தொடங்கியது. முதல் சுற்றில் சிட்டு முன்னால் இருந்தாள். இரண்டாவது சுற்றில் அவள் கை இடது காதுக்குப் போய்விட்டு வந்தது. தோள் இறுகுவதை வாத்து பின்னாலிருந்து பார்த்தாள். அடுத்து கை உயரும் என்று நினைத்தாள், உயர்ந்தது. அடுத்து பாதம் என்று நினைத்தாள். நடுவர் அட்டையைத் தூக்கினார். மூன்றாவது அட்டை ஏரி வளைவில் விழுந்தது. சிட்டு சாலை ஓரத்தில் இரும்புத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு அப்படியே உட்கார்ந்தாள். வாத்து அவளைக் கடந்து போனபோது "சித்தி" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை. அவள் உடம்பில் ஒரு சந்தோஷம் பரவியது. தொடையிலிருந்து கிளம்பி முதுகு வழியாக ஏறிய சந்தோஷம். எந்தக் கிளிப்பும் அவளுக்கு அப்படி ஒன்றைத் தந்ததில்லை. அந்தச் சுற்றைத்தான் அவள் வாழ்நாளிலேயே வேகமாக நடந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தியும் இல்லை. தனியாகக் கோட்டைத் தாண்டினாள்.

கூடாரத்துக்குத் திரும்பியபோது மாஸ்டர் அவளுடைய ஷூ பையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். துண்டு தரையில் கிடந்தது. பெட்டி அவர் உள்ளங்கையில் இருந்தது. அழுது வீங்கிய முகத்தோடு நின்ற சிட்டுவைக் கூப்பிட்டு, கையைப் பிடித்துப் பெட்டியை அதில் வைத்து மூடினார்.

"உங்க சித்தி பையில இருந்துச்சு" என்றார். போலி என்று சற்று முன் சொன்னதை அவர் திரும்பச் சொல்லவில்லை.

சிட்டு பெட்டியையும் வாத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்தவில்லை, திட்டவில்லை. அந்த வீட்டில் அதற்குப் பிறகு அவள் வாத்தைச் சித்தி என்று கூப்பிடவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தாள். துணியைத் தானே துவைத்தாள்.

முகாமுக்குக் கிளம்புகிற காலையில் வாத்து மூட்டை முடிச்சைக் கட்டிவிட்டுச் சிட்டுவின் அறைக் கதவருகே நின்றாள். சிட்டு கண்ணாடி முன்னால் நின்று கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அதுல கரன்டே வராது. மாட்டினதும் ஒரு குத்து குத்தும், அவ்வளவுதான். டாக்டரம்மாவே எங்கிட்ட சொன்னாங்க. உன் நடை உன்னோடது. அது இல்லாம நடந்து பாரு."

சிட்டு கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தாள். "அப்ப ஏன் எடுத்தீங்க?"

வாத்து அவள் காதிலிருந்து தொங்கிய ஒயரைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லாததை யாராவது திருடுவாங்களா?" என்றாள் சிட்டு. குரல் உயரவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாள். பிறகு தலைமுடியைக் கட்டிக்கொண்டு, வாத்தின் தோளில் இடிக்காமல் ஒதுங்கி வெளியே போனாள். கீழே மாஸ்டர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்.

வாத்து ஏறிய டாக்சி ஏரிச் சாலையில் சிக்னலில் நின்றது. பின்னாலிருந்து சிட்டு நடந்து வந்தாள். பக்கத்திலேயே ஸ்கூட்டரில் மாஸ்டர், கழுத்தில் ஸ்டாப் வாட்ச். முட்டி நேராக விழுந்தது, தோள் தளர்வாக இருந்தது. இடுப்பைப் பார்த்து டாக்சிக்காரர் லேசாகச் சிரித்தார். சிட்டு வண்டிக்குள் பார்க்காமல் தாண்டிப் போனாள். மாஸ்டர் பார்த்தார், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"இது என்னம்மா நடை? ஓட வேண்டியதுதானே?" என்றார் டாக்சிக்காரர்.

"தெரியலையே" என்றாள் வாத்து. சிக்னல் விழுந்தது.